பதவியிலிருப்போரின் பலம்

தேர்தல் என்பது மக்கள் தம் பிரதிநிதியிடம் கணக்குக் கேட்கும் நாள். அந்நாளில் பழைய அங்கத்தவரும் புதிய அபேட்சகரும் ஒரே கோட்டில் நின்றா ஓடத் தொடங்குகின்றனர்? அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் 'இல்லை' என்றே விடை பகர்கின்றது.

அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் அங்கத்தவர் 435 பேரும் இரண்டாண்டுக்கொருமுறை மக்கள் முன் வந்து நிற்றல் வேண்டும். ஆயினும், மீண்டும் போட்டியிடுவோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெற்றி பெறுவதே அண்மைக்கால வழக்கம். ஆளுங்கட்சி பெருந்தோல்வி கண்ட 2010ஆம் ஆண்டிலும், போட்டியிட்ட அங்கத்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் மீண்டும் தெரிவாயினர்.

இதற்குக் காரணம் யாது? தொகுதிகள் பல ஏற்கெனவே ஒரு கட்சியின் பக்கஞ் சாய்ந்தவை என்பது உண்மையே. ஆனால் பதவியும் தன் பங்குக்குத் துணை நிற்கின்றது. அங்கத்தவர் தம் கையொப்பத்தையே முத்திரையாகக் கொண்டு வாக்காளருக்குக் கடிதம் அனுப்பலாம். தபாற் செலவு பொதுப் பணத்தைச் சாரும். தேர்தல் நெருங்கும் நாட்களில் இவற்றைப் பெருந்தொகையாய் அனுப்பத் தடையுண்டு. எனினும், அதற்குள் அவர் பெயர் வீடுதோறும் பழகிவிடுகின்றது. ஓய்வூதியம் தாமதித்த முதியவருக்கு அவருடைய அலுவலகம் உதவுகின்றது. உதவி பெற்றவர் நன்றி மறப்பதில்லை.

பணமும் அவரையே நாடுகின்றது. வெல்லக்கூடியவருக்கே நன்கொடையாளர் கொடுப்பர். கொடுப்பதனால் அவர் வெல்லும் வாய்ப்பு மேலும் வளரும். இந்தச் சுழலைக் கண்டு தகுதி வாய்ந்த புதியவர் பலர் போட்டியிடாமலே ஒதுங்கிவிடுகின்றனர். நட்டம் அவர்களுக்கு மட்டுமன்று. நல்ல தெரிவை இழப்பவர் வாக்காளரே.

இக்குறை நீங்கப் பதவிக் காலத்துக்கு வரம்பு கட்டச் சில மாநிலங்கள் முயன்றன. காங்கிரஸ் அங்கத்தவருக்கு மாநிலங்கள் அவ்வாறு வரம்பிடல் ஆகாது என 1995இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுபவமுள்ள அங்கத்தவரை இழப்பது நாட்டுக்குக் கேடு என்போரும் உளர். அதிலும் நியாயம் உண்டு.

எனினும், பதவியின் அரண் தகர்க்க முடியாததன்று. 1994இல் சபாநாயகர் தோமஸ் போலியே தம் தொகுதியில் தோல்வியுற்றார். பதவியிலிருந்த சபாநாயகர் ஒருவர் அவ்வாறு தோற்றது 1862க்குப் பின் அதுவே முதன்முறை.

ஆகவே, இறுதித் தீர்ப்பு வாக்காளர் கையிலேயே உள்ளது. வீட்டுக்கு வந்த கடிதத்தில் உள்ள பெயரை மட்டும் நினைவிற் கொண்டால் போதாது. அப்பெயருடையவர் சபையில் எதற்கு வாக்களித்தார் என்பதையும் அவர் கேட்டறிதல் வேண்டும்.