பிச்சாவரம்: உல்லாசப் படகும் ஊர்க்காவலும்

கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பரந்து கிடக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. பின்னிக் கிடக்கும் உப்பங்கழிகள் அதைச் சிறு சிறு திட்டுகளாகப் பிரிக்கின்றன. குறுகலான கழிகளில் இரு கரைச் சுரபுன்னை மரங்களும் தலைக்குமேல் கவிந்து நிற்க, அடியில் துடுப்புப் படகுகள் நுழைந்து போகின்றன. 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படம் இந்த இடத்தைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது.

பயணிகள் ரசிக்கும் அதே வேர்கள்தான் கரையோர ஊர்களுக்கு அரண். சுரபுன்னையின் ஊன்றுவேர்களும் வெண்கண்டலின் மூச்சுவேர்களும் அலையின் விசையைச் சிதறடித்து, வண்டலைப் பிடித்து நிறுத்துகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடலை ஒட்டிய திறந்த மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற குடியிருப்புகள் பேரழிவைச் சந்தித்தன; காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமும்கூட இதற்குக் காரணம் என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டனர். அந்த வாதம் நியாயமானதே. ஆனாலும் மரங்களின் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் காடு ஒரு காலத்தில் பெருமளவு சீரழிந்து கிடந்தது. ஆங்கிலேயர் காலம் முதல் பல பத்தாண்டுகள், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து முழுவதுமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் புகுந்த ஓதநீர் திரும்ப வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பைக் கூட்டியது. கண்டல்கூடத் தாங்காத உப்பு அது. ஆடுமாடு மேய்ச்சலும் விறகு வெட்டும்தான் காரணம் என்று கிராமத்தார்மீது பழி சுமத்துவது எளிதாக இருந்தது; ஆனால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் நடத்திய ஆய்வு, வெட்டுமுறையும் அது மாற்றிய நில அமைப்புமே மூலக் காரணம் என்று காட்டியது. தீர்வும் அதிலிருந்தே கிடைத்தது. இயற்கையான கழியிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாய், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள் என மீன்முள் வடிவில் வெட்டப்பட்டன. ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் தேங்கிய உப்பு கழுவப்பட்டது. கரைகளில் கண்டல் நடப்பட்டது. வனத்துறையோடு கிராமக் குழுக்களும் இந்தப் பணியில் பங்கேற்றன; கால்வாய் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள உள்ளூர்க் கைகள் தேவை என்பதால் இது இன்றியமையாத ஏற்பாடு.

மீண்ட காடு பல வகையில் சோறு போடுகிறது. இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வேர்களுக்கிடையில் வளர்கின்றன. இருளர் குடும்பங்கள் ஆழமற்ற நீரில் கையால் தடவி இறால் பிடிக்கின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்குத் துடுப்பு வலிக்கும் வேலை தருகிறது. பயணிகள் வரத்தை நம்பி உணவுக்கடைகளும் ஆட்டோக்களும் ஓடுகின்றன. மீன்பாடு குறைந்த மாதங்களில் இந்த வருமானம் குடும்பத்துக்குக் கைகொடுக்கும்.

2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பயணிகள் கூட்டம் கூடக் கூட அதைக் கையாளும் முறை முக்கியமாகிறது. விசைப்படகு எழுப்பும் அலை குறுகிய கழிகளின் சேற்றுக் கரையை அரிக்கும், அதன் இரைச்சல் பறவைகளைக் கலைக்கும். எனவே விசைப்படகுகளை அகன்ற நீர்வழிகளோடு நிறுத்தி, உட்கழிகளைத் துடுப்புப் படகுக்கே விடுவது சரியான ஏற்பாடு. வேரும் கரையும் பிழைக்கும். ஒரே நேரத்தில் அதிகம் பேரை ஏற்றும் விசைப்படகைவிடத் துடுப்புப் படகுகள் கூடுதலான உள்ளூர்க்காரர்களுக்கு வேலையும் தரும்.