மதிப்பெண் குறைந்தால் எம்.பி.ஏ. எட்டாக் கனியா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு வியாபாரம் புதிதல்ல. ஆனால் அதையே முறைப்படி எம்.பி.ஏ. என்று படிக்க ஆசைப்படும்போது, பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். அதுதான் பட்டப்படிப்பில் எடுத்த மதிப்பெண்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அண்டை வீட்டுப் பையன் என்னைத் தேடி வந்தான். கையில் பி.காம். மதிப்பெண் பட்டியல். மொத்தம் 53 சதவிகிதம். முதல் ஆண்டில் இரண்டு பாடங்களில் தோற்று மறுபடி எழுதித் தேறியிருந்தான். ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. "மாமா, இந்த மார்க்கை வைத்துக்கொண்டு எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிப்பதே வீண் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றான்.

அவனுக்குப் பதில் சொல்லும் முன் என் கதையைச் சொன்னேன். நானும் முதல் வகுப்பு மாணவன் அல்லன். டிப்ளமோ படித்தபோது ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் தோற்றவன். ரயில்வேயில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்டார்கள். பாடம் நடத்தியவர் சரியில்லை என்று சொன்னேன். கேட்டவர் புன்னகையோடு கோப்பை மூடினார். நான் தேர்வாகவில்லை. பிறகு இரவுகளில் படித்து ஏ.எம்.ஐ.இ. எழுதித் தேறினேன். அடுத்த முறை அதே கேள்வி வந்தபோது, "அன்று படிக்கவில்லை, தோற்றேன். இன்று அதே துறையில் மேல் பரீட்சை தேறியிருக்கிறேன்" என்றேன். இந்த முறை தேர்வானேன்.

தண்டவாளப் பதிவேட்டில் பழைய குறையை யாரும் அழிக்க முடியாது. பழுது பார்த்த பின் எடுத்த புதிய அளவை அதற்குக் கீழே எழுதலாம். மேலதிகாரி இரண்டையும் சேர்த்தே படிப்பார். மதிப்பெண் விஷயமும் அப்படித்தான்.

முதலில் விதிகளைப் பார்த்தோம். ஐ.ஐ.எம்.களுக்கான 'கேட்' தேர்வு எழுதப் பட்டப்படிப்பில் 50 சதவிகிதம் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 போதும். சி.ஏ., சி.எம்.ஏ. போன்ற தொழிற்படிப்பைத் தேவையான சதவிகிதத்தோடு முடித்தவர்களும் எழுதலாம். பி.காம். மதிப்பெண் 50க்குக் கீழே போனவர்கள் இந்த வழியைக் கவனிக்க வேண்டும். நம் பையனுக்கு 53 இருந்ததால் அந்த வாசல் திறந்தே இருந்தது.

ஆனால் வாசல் திறந்திருப்பது வேறு, உள்ளே இடம் கிடைப்பது வேறு. அகமதாபாத், பெங்களூரு போன்ற பழைய ஐ.ஐ.எம்.கள் நேர்முகத்துக்கு அழைக்கும்போதே பள்ளி மதிப்பெண், பட்டப்படிப்பு மதிப்பெண் ஆகியவற்றுக்கும் எடை தருகின்றன. அங்கே அவனுக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பதை மறைக்காமல் சொன்னேன். ஒவ்வொரு நிறுவனத்தின் அளவுகோலும் வேறு. 1996இல் தொடங்கிய கோழிக்கோடு, 2011இல் தொடங்கிய திருச்சி, நம் கொச்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, 1964இல் தொடங்கிய மேலாண்மைத் துறை என்று ஒவ்வொன்றின் அறிவிப்பையும் வரி வரியாகப் படித்து, எது நமக்குப் பொருந்தும் என்று பட்டியல் போடச் சொன்னேன். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பே பிரமாணம்.

அடுத்து, பழைய எண்ணுக்குக் கீழே எழுத வேண்டிய புதிய அளவுகள்.

முதலாவது, நுழைவுத் தேர்வு. 'கேட்' தேர்வில் மொழி, தரவும் தர்க்கமும், கணிதம் என்று மூன்று பகுதிகள். மொத்தம் 120 நிமிடம். இதில் 90 பெர்சன்டைல் என்றால் 90 மதிப்பெண் என்று பொருள் அல்ல. எழுதியவர்களில் ஏறக்குறைய 90 சதவிகிதம் பேர் நமக்குக் கீழே என்பதே பொருள். பட்டப்படிப்பில் கணக்கில் தடுமாறியவன், கணிதப் பகுதியில் நல்ல இடம் பிடித்தால் அதுவே பதில்.

இரண்டாவது, புதிய படிப்பு. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். கட்டணம் கட்டி, மையத்துக்குப் போய்ப் பரீட்சை எழுதினால் சான்றிதழும் உண்டு. தோற்ற பாடத்துக்கு நெருக்கமான ஒன்றில் நன்றாகத் தேறுவது பத்துப் பக்க விளக்கத்தைவிட மேல்.

மூன்றாவது, வேலை. "கடினமாக உழைத்தேன்" என்று எழுதாதே, எண்ணை எழுது என்றேன். யோசித்துப் பார்த்துச் சொன்னான்: மூட்டைக் கணக்கை அவன் கம்ப்யூட்டருக்கு மாற்றிய பிறகு, மாதக் கடைசியில் நான்கு நாள் பிடித்த கணக்கு முடிப்பு ஒரே நாளில் முடிகிறதாம். இதை அவன் ஒரு விஷயமாகவே நினைத்திருக்கவில்லை!

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் நம்மவர் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பல இடங்களில் 4 புள்ளி அளவில் கணக்கிடுகிறார்கள். நம்மிடம் 60 சதவிகிதம் என்றால் முதல் வகுப்பு. அதை நாமே ஒரு வாய்ப்பாட்டை வைத்து மாற்றிப் பார்த்துக் கலங்க வேண்டாம். பட்டியலை உள்ளபடி அனுப்பினால் அவர்களே மதிப்பிடுவார்கள். 'கேட்' மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்குத்தான். ஜிமேட் மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். குறையை விளக்கத் தனிக் கட்டுரைக்குப் பல கல்லூரிகள் இடமும் தருகின்றன.

அந்த விளக்கத்தில்தான் எங்களுக்குள் சிறு வாக்குவாதம் வந்தது. இரண்டாம் ஆண்டில் அவன் தகப்பனாருக்கு அறுவை சிகிச்சை. மாலை நேரங்களில் கிடங்கில் அவரது வேலையை இவன் பார்த்தான். எல்லாக் குறைவுக்கும் அதையே காரணமாக எழுதியிருந்தான். "முதல் ஆண்டில் ஏன் தோற்றாய்?" என்றேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "கிரிக்கெட், மாமா" என்றான். அதையும் எழுதச் சொன்னேன். "அப்பாவின் நோயை நீ செய்யாத தவறுக்கு மட்டும் காட்டு. செய்த தவறுக்கும் அதையே காட்டினால், தெரிந்தவுடன் உண்மையான காரணத்தையும் நம்ப மாட்டார்கள்." கடைசி இரண்டு செமஸ்டரில் 64, 68 என்று ஏறியிருந்ததையும் சேர்த்து நான்கே வாக்கியத்தில் முடித்தோம்.

முதல் முறை 'கேட்' தேர்வில் 71 பெர்சன்டைல், எங்கிருந்தும் அழைப்பில்லை. அவன் தாயார் என்னிடம், "மறுபடியும் ஆசை காட்டாதீர்கள்" என்று கண் கலங்கினார். எனக்கே சஞ்சலமாக இருந்தது. அடுத்த ஆண்டு வேலையை விடாமல் படித்து 88 எடுத்தான். இரண்டு இடங்களில் நேர்முகம். ஓரிடத்தில் முதல் கேள்வியே 53 சதவிகிதம் பற்றித்தான். எழுதியபடியே சொன்னானாம். அங்கேதான் இடம் கிடைத்தது. அது ஐ.ஐ.எம். அல்ல, கேரளத்திலேயே உள்ள ஒரு நல்ல கல்லூரி. படித்து முடித்து, இன்று ஒரு மசாலாப் பொருள் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான்.

அவன் பி.காம். பட்டியலில் இன்றும் அதே 53தான் இருக்கிறது. அதற்குக் கீழே வேறு சில வரிகளும் சேர்ந்திருக்கின்றன.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில், கல்யாண வீட்டில் பிள்ளைகளைக் கண்டால், "எத்தனை பர்சென்ட்?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்காதீர்கள். "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேளுங்கள். நேர்முகத்திலும் அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.