மூலக்கூறுகளின் வழித்தடம் – 14
விளக்கை ஏற்றினால் வளரும் சங்கிலி

சென்ற வாரம் 1938, ஏப்ரல் 6-ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். நியூஜெர்சியில் டூபாண்ட் ஆய்வகம். குளிரூட்டி தயாரிக்க வைத்திருந்த வாயு உருளையின் வால்வைத் திறக்கிறார் ராய் பிளங்கெட். வாயு வரவில்லை. ஆனால் உருளையின் எடையும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுவழுவென்று வெள்ளைத் தூள். டெட்ராஃபுளூரோஎத்திலீன் மூலக்கூறுகள் தாமாகவே கைகோத்து நீண்ட சங்கிலியாகியிருந்தன. அந்தத் தூள்தான் டெஃப்லான்.

கார்பனும் ஃபுளூரினும் சேர்ந்த பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 485 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதனால்தான் டெஃப்லான் போன்ற ஃபுளூரோபாலிமர்களை அமிலம் அரிப்பதில்லை, வெயில் வெளுக்க வைப்பதில்லை. நான்ஸ்டிக் தவாவோடு அவை நிற்கவில்லை. மின்கம்பியின் உறை, லித்தியம் பேட்டரி, ஜப்பானில் அகாஷி கைக்யோ பாலத்தின் மேற்பூச்சு என்று எங்கும் இருக்கின்றன.

இவ்வளவு உறுதியான பொருள் என்றால், இதோடு சேர்த்துப் பேசப்படும் நஞ்சு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, இந்தச் சங்கிலியைக் கோத்த முறையிலிருந்து வந்தது.

வாயுவைத் தண்ணீரில் வைத்துப் பாலிமராக்கும்போது, உருவாகும் துகள்கள் திரண்டுவிடாமல் பால் போலக் கலந்து நிற்க ஒருவகைச் சோப்பு தேவைப்பட்டது. பி.எஃப்.ஓ.ஏ. என்ற ஃபுளூரின் சோப்பை மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் ஆலை 1951 முதல் பயன்படுத்தியது. அது ஒஹையோ ஆற்றிலும் குடிநீரிலும் கலந்தது. 1998-ல் தன் மாடுகள் ஒவ்வொன்றாகச் சாவதைச் சொல்லி ஒரு விவசாயி ராப் பிலட் என்ற வழக்கறிஞரைத் தேடிப் போனார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகச் சுமார் 69,000 பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு கோளாறு உட்பட ஆறு நோய்களுக்கு இந்த வேதிப்பொருளோடு தொடர்பிருக்க வாய்ப்புண்டு என்று 2012-க்குள் அறிவியல் குழு அறிவித்தது. 2024-ல் அமெரிக்க அரசு குடிநீரில் இதற்கு விதித்த உச்சவரம்பு, லிட்டருக்கு 4 நானோகிராம். மாற்றாக வந்த ஜென்எக்ஸ் என்ற பொருளும் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டது. சோப்பை மாற்றினால் போதாது, செய்முறையையே மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

ஒளி இங்கேதான் வருகிறது. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் மாவோ சென் குழுவினர் 2020-ல் ஒரு வழியைக் காட்டினார்கள். குளோரோடிரைஃபுளூரோஎத்திலீன், வினைல் ஈதர் என்ற இரண்டையும் ஒரு கரைப்பானில் சேர்க்கிறார்கள். ஃபுளூரின் சோப்பும் இல்லை, உலோக வினையூக்கியும் இல்லை. சிறிதளவு கரிம வினையூக்கியைப் போட்டு எல்.இ.டி. வெளிச்சத்தைக் காட்டுகிறார்கள். அறை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் சங்கிலி வளர்கிறது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் ஒரு மூடி இருக்கிறது. மூடி இருக்கும்வரை சங்கிலி உறங்கும். ஒளியை விழுங்கிய வினையூக்கி அந்த மூடியை ஒரு கணம் கழற்றுகிறது. நுனியில் சில மூலக்கூறுகள் சேர்கின்றன, மூடி மறுபடி வந்து அமர்கிறது. விளக்கை அணைத்தால் வளர்ச்சி நிற்கும், ஏற்றினால் தொடரும். எல்லாச் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வளர்கின்றன. குடுவைக்குள் என்ன உருவாகிறது என்பது நம் கையில் இருக்கிறது. பாதுகாப்பின் முதல் படி அதுதான்.

இது ஆலைக்கு எளிதில் போய்விடாது. பெரிய கலனில் ஒளி சுவரோரத்தைத் தாண்டி உள்ளே போகாது. மெல்லிய குழாய்களில் கலவையை ஓடவிட்டு, ஓடும்போதே ஒளியைப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. கரைப்பானும் செலவு வைக்கும். அதோடு, நல்ல முறையில் செய்த ஃபுளூரோபாலிமரும் குப்பையில் விழுந்தால் எளிதில் மட்காது.

அதற்கும் ஒளியே கைகொடுக்கக்கூடும். சீன ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு ஒளிவினையூக்கியைக் கொண்டு, வெறும் 40 முதல் 60 டிகிரி வெப்பத்தில் டெஃப்லானிலிருந்தே ஃபுளூரினைப் பிரித்தெடுத்தார்கள். அறுக்கவே முடியாது என்று நாம் கொண்டாடிய அதே பிணைப்பு!

ஒரு பொருளை உருவாக்கும் நாளிலேயே அதைப் பிரிக்கும் வழியையும் யோசித்திருந்தால், பார்க்கர்ஸ்பர்க் மக்கள் தம் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுக்க நேர்ந்திருக்காது. இனி வரும் பாலிமர்களுக்கு அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டாக வேண்டும்.

ஒளி அந்தப் பிணைப்பை அறுப்பது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)