நர்ஸ் படிப்பும் கடன் சுமையும்

கல்விக்காகக் கடன் வாங்குதல் குற்றமன்று. வாங்கிய கடனைத் தீர்க்கும் வல்லமை அக்கல்விக்கு உண்டா என்பதை ஆராயாமல் பத்திரத்தில் கையெழுத்திடுவதே பிழை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று நான்கு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மத்திய சர்க்காருக்குக் கல்விக் கடன் பட்டு நிற்கின்றனர். அக்கடனின் மொத்தம் ஏறக்குறைய 1,60,000 கோடி டாலர். செல்வம் கொழிக்கும் தேசமென்று உலகம் புகழும் நாட்டிலே, ஏழைக் குடும்பத்துப் பெண்ணொருத்தி நர்ஸ் தொழில் கற்க விரும்பினால் அவள் முதலில் கற்க வேண்டியது கணக்கே என்று நாம் சொல்லுவோம்.

அந்நாட்டில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் பொதுக் கலாசாலைகள் ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன. 1901-ஆம் வருஷத்தில் இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில் தோன்றியதே அவற்றுள் மூத்தது. உள்ளூர் வரிப் பணத்தாலும் மாகாணப் பணத்தாலும் நடைபெறும் இவை, பகலில் உழைத்து இரவில் படிப்போருக்கும், பிள்ளை பெற்ற பின் மறுபடி படிக்க வருவோருக்கும் கதவைத் திறந்து வைத்திருப்பவை. 1951-இல் மில்ட்ரெட் மாண்டாக் என்ற அம்மையார், ஆஸ்பத்திரிப் பள்ளிகளில் மூன்று வருஷம் ஊழியம் செய்து கற்ற நர்ஸ் தொழிலை இக்கலாசாலைகளில் இரண்டு வருஷத்தில் கற்பிக்கலாம் என்று எழுதினார். மறு வருஷமே ஏழு கலாசாலைகளில் சோதனை தொடங்கியது. பெரும் சர்வகலாசாலைகளில் நான்கு வருஷம் படித்தவளும், இங்கே இரண்டு வருஷம் படித்தவளும் எழுதுவது ஒரே பரீட்சை. பெறுவது ஒரே உரிமைச் சீட்டு.

இனிச் செலவைப் பார்ப்போம். 2024-25-ஆம் கல்வி வருஷத்தில் கம்யூனிட்டி காலேஜ்களில் உள்ளூராருக்குரிய சராசரிச் சம்பளக் கட்டணம் 4,050 டாலர். நான்கு வருஷப் பொதுச் சர்வகலாசாலைகளில் அது 11,610; தனியார் தர்ம ஸ்தாபனங்களில் 43,350. வறியவருக்கு மத்திய சர்க்கார் வழங்கும் பெல் உதவித் தொகையின் மேல் வரம்பு அவ்வருஷத்தில் 7,395 டாலர். ஆகவே வறிய மாணவி ஒருத்தி, புத்தகத்துக்கும் பிரயாணத்துக்கும் சிறிது மிச்சம் பிடித்துக்கொண்டு, கடனின்றியே கட்டணத்தைச் செலுத்திவிட முடியும். வருவாயோ குறைவன்று. 2024 மே மாதக் கணக்கின்படி அந்நாட்டு நர்ஸுகளை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய வருஷச் சம்பளம் 93,600 டாலர்.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒவ்வொரு கலாசாலையின் ஒவ்வொரு படிப்புக்கும், தேறியவர் பெறும் நடு வருமானத்தையும், அவர் பட்ட நடுக் கடனையும் அந்நாட்டுக் கல்வி இலாகா வெளியிட்டு வருகிறது. ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற இக்கணக்கு 2015-இல் விரிவாக்கப்பட்டது. 2019 முதல் தனித்தனிப் படிப்புகளின் வருமானமும் அதில் இடம் பெற்றது. சர்க்கார் செய்த நற்காரியங்களுள் இது ஒன்று. ஆனால் எண்ணைப் படிக்கத் தெரியாதவன் கையில் எண்ணும் பொய் சொல்லும்.

முதலாவது, அதிலுள்ள வருமானக் கணக்கு மத்திய சர்க்காரின் உதவியோ கடனோ பெற்றுத் தேறியவர்களை மட்டுமே குறிப்பது. இடையில் நின்றவர்களைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. இரண்டாவது, நடுக் கடன் என்பது கடன் வாங்கியவர்களுக்குள் மட்டும் எடுத்த நடு. பத்துப் பேரில் ஒருவர் கடன் வாங்கிய கலாசாலையும், ஒன்பது பேர் வாங்கிய கலாசாலையும் அந்த எண்ணில் ஒன்றுபோலத் தோன்றக் கூடும். மூன்றாவது, தனியார் பாங்கிகளிடம் வாங்கிய கடன் அக்கணக்கில் ஏறுவதேயில்லை. எனவே எத்தனை டாலர் கடன் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை பேருக்குக் கடன் என்றும் கேட்க வேண்டும்.

வருமானத்திலும் ஒரு மயக்கம் உண்டு. காலிபோர்னியா நர்ஸுகளின் சராசரிச் சம்பளம் 2023-இல் 1,30,000 டாலரைத் தாண்டியிருந்தது. தென் டகோட்டாவில் அது 70,000 டாலரை ஒட்டியே நின்றது. காலிபோர்னியக் கலாசாலையில் தேறியவள் அதிகம் சம்பாதிப்பது அங்கே போதனை இரு மடங்கு சிறந்தது என்பதனாலன்று; அவ்வூர்ச் சம்பளமும் வீட்டு வாடகையும் அவ்வாறு இருக்கின்றன. ஆதலால் ஒரே வட்டாரத்துக் கலாசாலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே நியாயம். அப்படி ஒப்பிட்டால் வருமானத்தில் வேற்றுமை சிறிதாகவும், கடனில் வேற்றுமை பெரிதாகவும் இருக்கக் காணலாம். ஒரே உரிமைச் சீட்டுக்கு ஆஸ்பத்திரி ஏறக்குறைய ஒரே சம்பளந்தான் கொடுக்கும்.

கடனின் கனத்தை அளந்து பார்ப்போம். வட்டி நூற்றுக்கு ஆறரை, தவணை பத்து வருஷம் என்று கொண்டால், 10,000 டாலர் கடனுக்கு மாதம் 114 டாலர் கட்ட வேண்டும். 40,000 டாலருக்கு மாதம் 454 டாலர். தொழிற் படிப்புகளைப் பற்றி அந்நாட்டு சர்க்கார் 2014-இல் வகுத்து, 2019-இல் கைவிட்டு, 2023-இல் மறுபடி கொண்டுவந்த விதியில் ஓர் அளவுகோல் உண்டு. வருஷத் தவணை வருஷ வருமானத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கை மிஞ்சலாகாது என்பது அது. 70,000 டாலர் சம்பளத்துக்கு அவ்வரம்பு 5,600 டாலர். 40,000 டாலர் கடனின் வருஷத் தவணை 5,450. அதாவது, வரம்பின் விளிம்பில் நிற்கிறாள். 60,000 டாலர் கடன்பட்டவள் வரம்பைத் தாண்டிவிட்டாள்.

அப்படியாயின் பொதுக் கலாசாலையை விட்டுத் தனியார் லாபக் கலாசாலைக்கு ஏன் போகிறார்கள்? இடமின்மையே காரணம். பொதுக் கலாசாலைகளில் போதகர் குறைவு; ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற இடமும் குறைவு. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களை முன்னமே முடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சில இடங்களில் சீட்டுக் குலுக்கியும் சேர்க்கிறார்கள். காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. இன்று 40,000 டாலர் சம்பாதிக்கும் ஒருத்தி நர்ஸானால் 70,000 பெறுவாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத் தாமதத்தால் அவள் இழப்பது 30,000. தாமதத்தைத் தவிர்க்க 40,000 கடன் வாங்கினால் வட்டியுடன் அவள் கொடுப்பது 54,500. ஒரு வருஷம் காத்திருப்பது லாபம். இரண்டு வருஷமானால் கணக்குச் சற்றே மறுபுறம் சாயும். ஆனால் அவள் பரீட்சையில் தேறினாலொழிய இந்த இரண்டாம் கணக்கு பலிக்காது.

ஆகையால் சேருமுன் கேட்க வேண்டியவை பின்னும் உள. மாகாண நர்ஸ் சபையின் அங்கீகாரம் உண்டா? சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள்? முடித்தவரில் எத்தனை பேர் முதல் முறையிலேயே பரீட்சையில் தேறினார்கள்? 2023-இல் நாடு முழுவதிலும் முதல் முறை எழுதிய உள்நாட்டு மாணவரில் நூற்றுக்கு 88 பேர் தேறினர். அதற்கு மிகக் கீழே நிற்கும் கலாசாலை காரணம் சொல்லக் கடமைப்பட்டது. 2016 செப்டம்பரில் ஐ.டி.டி. என்ற லாபக் கலாசாலை தன் ஏறக்குறைய 130 கிளைகளையும் ஒரே நாளில் மூடியதை மறக்க வேண்டாம். பாதிப் படிப்பும் முழுக் கடனும் உடையவள் நிலையே எல்லாவற்றினும் கொடியது.

நான்கு வருஷப் பட்டமே மேல் என்ற வாதமும் தள்ளத்தக்கதன்று. நர்ஸுகளில் நூற்றுக்கு 80 பேர் 2020-க்குள் அப்பட்டம் பெற்றிருக்க வேண்டுமென்று 2010-இல் மருத்துவக் கழகம் யோசனை கூறிற்று. புதிதாக உரிமை பெறுவோர் பத்து வருஷத்துக்குள் பட்டம் பெற வேண்டுமென நியூயார்க் மாகாணம் 2017-இல் சட்டமியற்றியது. எனினும் முதலில் உரிமைச் சீட்டைப் பெற்று, சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டத்தைப் பின்னர்ப் படிக்க வழியிருக்கிறது. பல ஆஸ்பத்திரிகள் அதற்குப் பண உதவியும் செய்கின்றன. வருஷம் 5,250 டாலர் வரை அவ்வுதவிக்கு வருமான வரியும் இல்லை.

நர்ஸ் தொழில் சேவையன்றோ, அதில் வரவு செலவு பார்க்கலாமோ என்று சிலர் கேட்பர். நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவளுடைய மனத்தில் தவணைக் கவலை குடியிருக்கலாகாது என்பதனாலேயே பார்க்கச் சொல்லுகிறோம். கடன்பட்டவள் மனத்துக்கு உகந்த வேலையை விட்டுப் பணம் மிகும் இடத்துக்கே ஓட வேண்டியவளாகிறாள்; கிராமத்து ஆஸ்பத்திரி ஆளின்றி நிற்கிறது.

தனி மனிதர் கணக்குப் பார்ப்பதோடு காரியம் முடிந்துவிடாது. டென்னஸி மாகாணம் 2014-இல் சட்டமியற்றிக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை உயர்நிலைப் பள்ளியில் தேறியோருக்கு இல்லாமற் செய்தது. மஸாசூஸெட்ஸ் 2024-இல் அவ்வழியில் இன்னும் வெகு தூரம் சென்றது. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. போதகரையும் இடங்களையும் பெருக்க வேண்டும். வாசல் திறந்திருந்து உள்ளே இடமில்லையென்றால், அடுத்த தெருவில் கடன் பத்திரத்துடன் காத்திருப்பவன் வாசலுக்கே ஏழை போவாள். நர்ஸ் வேண்டுமென்று கூவும் தேசம், அவளைக் கடனாளியாக்காமல் உருவாக்கும் பொறுப்பையும் ஏற்பதே தர்மம்.