காலுக்கு ஏற்ற ஷூ

அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். 2024-இல் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினாலும் ஏற்றம் ஏற்றம்தான். காலை நேரத்தில் மெரினா பூங்கா பக்கம், கடலோரச் சாலையில் பலர் நடக்கிறார்கள். சிலர் உடம்பு இளைக்க நடக்கிறார்கள். சிலர் சர்க்கரை நோய்க்காக டாக்டர் சொல்லி நடக்கிறார்கள்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள். கணக்கு சுலபம்தான். ஆனால் சிலர் பத்தே நாளில் நிறுத்தி விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் குதிகால் வலி என்பார்கள். கொப்புளம் என்பார்கள். குற்றம் காலில் இல்லை. காலில் மாட்டியதில் இருக்கிறது.

ஹவாய் செருப்பு கடைக்குப் போய் வரப் போதும். அரை மணி வேகமாக நடக்கப் போதாது. அது குதிகாலைப் பிடித்துக்கொள்ளாது. செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் வாரை இறுக்கிப் பிடிக்கின்றன. ஈரமான சரிவில் அது வழுக்கவும் செய்யும்.

ஷூ வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்து, நின்று, பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் இறுக்கும். நடக்கும்போது போடும் காலுறையைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய பாதத்துக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். எழுந்து நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சரிவில் இறங்கும்போது பாதம் முன்னால் தள்ளப்படும். இடம் இல்லையென்றால் நகம் இடித்துக் கறுத்துப் போகும். மேட்டு ஊரில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

பெட்டியின் மேல் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். குழம்ப வேண்டாம். ஒன்று இங்கிலாந்து அளவு, ஒன்று அமெரிக்க அளவு, ஒன்று ஐரோப்பிய அளவு. நம் கடைகளில் வழக்கமாகக் கேட்பது இங்கிலாந்து அளவு. நம் காலுக்கென்று ஓர் அளவு இல்லையா? சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளக்கும் ஆய்வு நடந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர் பாதத்தைவிட அகலமானது என்று தெரிந்தது. 'பா' என்ற பெயரில் இந்திய அளவு முறை ஒன்றும் முன்வைக்கப்பட்டது. 'பா' என்பது பாரதத்தின் முதல் எழுத்து.

அகலம் போதாதபோது பலர் ஒரு எண் பெரிதாக வாங்குகிறார்கள். அப்போது நீளம் மிஞ்சுகிறது. ஷூவுக்குள் கால் வழுக்கி, குதிகாலில் தோல் உரிகிறது. வேறு மாதிரி ஷூவைக் கேட்டுப் பார்ப்பதே நல்லது. "போடப் போடத் தளர்ந்துவிடும்" என்று கடைக்காரர் சொல்வார். அதை நம்பி வாங்க வேண்டாம். கடையிலேயே சுகமாக இருக்க வேண்டும்.

பிறகு ஷூவைக் கையில் எடுத்துச் சோதியுங்கள். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை அழுத்தினால் எளிதில் மடங்கக் கூடாது. முன்பகுதியை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நட்ட நடுவில் இரண்டாக மடிந்தால் அது பாதத்தைத் தாங்காது. ஈரத் துணியை முறுக்குவது போல முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் வைத்துவிடுங்கள். விலையும் விளம்பரமும் இந்தச் சோதனைக்குப் பின்னால்தான்.

அந்தமானில் இன்னொரு சோதனையும் தேவை. இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. காற்றில் எப்போதும் ஈரம். கடைச் சரக்கு கடல் கடந்து வருகிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அதன் பிறகு கிடங்கிலும் கடையிலும் காத்திருக்கும். சில ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல அரிக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அரிக்கும். ஒருநாள் நடக்கும்போதே அடிப்பாகம் கேக் போல உதிரும். காசு போட்டு வாங்கியவருக்கு அன்று வயிறு எரியும். எனவே பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் பாருங்கள். அடிப்பாகத்தை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ, தூளாக உதிர்ந்தாலோ வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் ஈரத்தை நன்றாகத் தாங்கும். மேல்பகுதி வலைத்துணியாக இருந்தால் சீக்கிரம் காயும்.

நனைந்த ஷூவை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒட்டிய பசை விட்டுப்போகும். உள்மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஈர ஷூவையே தினமும் போட்டால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும்.

புண் என்றால் இங்கே அலட்சியம் கூடாது. 1988 முதல் வட அந்தமானில் திக்லிப்பூர் பகுதியில் ஒரு காய்ச்சல் பரவியது. சிலர் இருமும்போது இரத்தம் வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். என்ன நோய் என்று தெரியாமல் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றார்கள். போர்ட் பிளேரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்தார்கள். அது எலிக்காய்ச்சல் என்று 1990-களில் தெரிந்தது. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். காலில் உள்ள சிறு சிராய்ப்பு வழியாகவும் அது உடலுக்குள் நுழையும். ஷூ கடித்த கொப்புளமும் அப்படி ஒரு வழிதான். கொப்புளம் உடைந்திருந்தால் தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள். வயல் வேலைக்கு நடை ஷூ உதவாது. அதற்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்குப் பாதம் மரத்துப் போகலாம். ஷூ கடிப்பதே தெரியாது. உள்ளே கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. புண் ஆழமான பிறகுதான் கவனிப்பார்கள். ஆறாமல் போனால் விரலையே எடுக்க நேரிடும். இவர்கள் நடந்து வந்ததும் இரண்டு பாதங்களையும் அடிவரை பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். ஷூ போடும் முன் அதைத் தலைகீழாகத் தட்ட வேண்டும். அதன் பிறகு உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். முதலில் தட்டச் சொல்வது கல்லுக்காக மட்டும் அல்ல. அந்தமான் பூரானுக்கும் ஈரமான, இருட்டான இடம் பிடிக்கும்.