ஹுர்ரம் சுல்தான்: வதந்தியும் வரலாறும்

உதுமானியப் பேரரசர்களுள் பெரும்புகழ் பெற்றவர் முதலாம் சுலைமான். 1520 முதல் 1566 வரை ஆட்சி புரிந்த அவரைத் துருக்கியர் 'கானூனி', அதாவது சட்டம் வகுத்தவர் எனப் போற்றினர். அவருடைய துணைவியார் ஹுர்ரம் சுல்தானுக்கோ அத்தகைய நற்பெயர் வாய்க்கவில்லை. மன்னரை மருந்திட்டு மயக்கியவர், மாற்றாள் மகனைக் கொல்வித்தவர் என்றே ஐரோப்பியத் தூதுவர் பலர் எழுதி வைத்தனர். துருக்கிய மக்களிடையேயும் அப்பேச்சு உலவிற்று. ஆவணங்கள் கூறுவன எவை, ஊர்வாய் கூறியவை எவை எனப் பிரித்துக் காண்பது அவருக்கு நாம் செய்யும் குறைந்த அளவு நீதி எனலாம்.

அக்காலப் போலந்து அரசின் ஆட்சியில் இருந்த ருத்தேனியா அவர் பிறந்த மண். இன்று அது உக்ரைனின் மேற்குப் பகுதி. கிரிமியத் தாத்தாரியர் அந்நிலப்பகுதியில் அடிக்கடி படையெடுத்து, மக்களைச் சிறைபிடித்து அடிமைச் சந்தையில் விற்று வந்தனர். அவ்வாறு பிடிபட்ட சிறுமிகளுள் ஒருவரே இவர். ஐரோப்பியர் வழங்கிய 'ரொக்ஸலானா' என்பது இயற்பெயரன்று; ருத்தேனியப் பெண் என்பதே அதன் பொருள். அரண்மனையில் இட்ட பெயர் 'ஹுர்ரம்'. மகிழ்முகத்தாள் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. 1526இல் வெனிசுத் தூதுவர் ஒருவர், இவரைப் பேரழகி என்று கூறாமல், இளமையும் நளினமும் உடைய சிற்றுருவினர் என்றே குறித்துள்ளார்.

1521இல் முதல் மகன் மெஹ்மத் பிறந்தார். மறு ஆண்டில் மகள் மிஹ்ரிமாஹ். அடுத்து வந்தவர்கள் இளமையிலேயே மறைந்த அப்துல்லாஹ், பின்னர் அரியணை ஏறிய சலீம், பாயஸீத், ஜிஹாங்கீர் ஆகியோர். இதில் என்ன புதுமை என்று வினவலாம். அரண்மனை மரபின்படி ஓர் அடிமைப் பெண்ணுக்கு ஓர் ஆண் மகவு பிறந்துவிட்டால் அவள் மன்னரின் படுக்கையறையை விட்டு நீங்குவாள். மகன் வளர்ந்து மாகாண ஆளுநராகச் செல்லும்போது உடன் செல்வாள். அவனை அரசனாக்குவதே அதன்பின் அவள் வாழ்வு. சுலைமான் இம்மரபை மீறினார். அதோடு நில்லாமல், 1534ஆம் ஆண்டளவில் அவரை விடுதலை செய்து முறைப்படி திருமணமும் புரிந்தார். மார்க்கச் சட்டப்படி, எஜமானருக்குக் குழந்தை பெற்ற அடிமைப் பெண்ணை விற்கலாகாது. அவர் இறந்தபின் அவள் உரிமை பெறுவாள். ஆனால் சுல்தான் தம் வாழ்நாளிலேயே விடுவித்து மனைவியாக ஏற்றதைத் தலைநகர் வியந்து நோக்கியது. சூனியம் என்ற பேச்சுக்கு வித்து இவ்வியப்பே என்பது என் கருத்து. மன்னர் மரபை மீறினார்; பழியோ மனைவியின் மீது விழுந்தது.

போர்க்களத்தில் இருந்த சுலைமானுக்கு ஹுர்ரம் எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. தொடக்கக் காலக் கடிதங்களின் மெருகு, மொழி அறிந்த எழுத்தர் ஒருவரின் துணையைக் காட்டுகிறது. பிரிவாற்றாமை, பிள்ளைகளின் ஏக்கம், நகரில் பரவிய நோய் ஆகிய யாவும் அவற்றில் உண்டு. 'முஹிப்பி' என்னும் புனைபெயரில் கவிதை இயற்றியவர் சுலைமான் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். போலந்தில் இரண்டாம் சிகிஸ்முண்ட் அகஸ்து அரியணை ஏறிய காலத்தில் அவருக்கும் ஹுர்ரம் வாழ்த்து மடல் விடுத்தார். தாம் அடிமையாகப் பறித்துச் செல்லப்பட்ட நாட்டின் அரசருக்கு, பேரரசியாக எழுதிய மடல் அது!

இனி, பெரும்பழிக்கு வருவோம். மாஹிதெவ்ரான் ஈன்ற முஸ்தபா, உயிரோடிருந்த இளவரசர்களுள் மூத்தவர். படைவீரரின் பேரன்பைப் பெற்றவர். 1553இல் பாரசீகப் படையெடுப்பின்போது, ஏரேலி அருகே தந்தையின் பாசறைக்கு அழைக்கப்பட்டு அங்கேயே கொல்லப்பட்டார். படையினர் கொதித்தனர். கவிஞர் யஹ்யா இரங்கற்பா பாடினார். மிஹ்ரிமாஹின் கணவரான முதலமைச்சர் ருஸ்தம் பாஷா பதவியிழந்தார். 1555இல் மீண்டும் அப்பதவியைப் பெற்றார். ஹுர்ரம் ஆணையிட்டதாகவோ தூண்டியதாகவோ நேர்ச்சான்று இல்லை. மருமகனின் கை இருந்ததெனப் பலரும் நம்பியதால் மாமியாரும் குற்றவாளியானார். எனினும் அவரை முற்றும் விடுவிக்கவும் நான் முனையவில்லை. அரியணை ஏறுபவர் உடன்பிறந்தாரைக் கொல்லலாம் என இரண்டாம் மெஹ்மதின் சட்டம் இசைவளித்திருந்தது. முஸ்தபா வென்றால் தம் பிள்ளைகளுக்கு என்ன நேரும் என்பதை அத்தாய் அறியாதிருக்க இயலாது. குற்றவாளியைத் தேடுவோர் முதலில் அந்தச் சட்டத்தை நோக்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமின்றி அவர் கைவினை என உரைக்கத்தக்கவை அவர் நிறுவிய வக்ஃபுகள். இஸ்தான்பூலில் 'அவ்ரத் பஸார்', அதாவது பெண்கள் சந்தை எனப்பட்ட பகுதியில், தலைமைக் கட்டடக் கலைஞர் சினானைக் கொண்டு பள்ளிவாசல், மத்ரஸா, அன்னசாலை, மருத்துவமனை ஆகியவற்றை எழுப்பினார். அயா சோபியா அருகே 1556இல் இருபாலர்க்கும் தனித்தனியான இரட்டைக் குளியல் மண்டபம் எழுந்தது. பைத்துல் முகத்தஸ் நகரில் 1550களில் அவர் நிறுவிய அன்னசாலையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அங்குப் பள்ளிவாசலும் பயணியர் தங்க 55 அறைகளும் இருந்தன. பணியாளர், தங்கியிருப்போர் தவிர, நாள்தோறும் 400 ஏழைகளுக்கு இருவேளை உணவு. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, உடன் ரொட்டி. வெள்ளி இரவுகளில் ஆட்டிறைச்சிச் சோறும் குங்குமப்பூ இட்ட இனிப்புச் சோறும் வழங்க வேண்டும் என வக்ஃபு சாசனம் விதித்தது. செலவுக்குப் பாலஸ்தீனத்துச் சிற்றூர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டது. யாருக்கு எவ்வளவு அகப்பை என்பதுவரை எழுதி வைத்த அறம் அது.

1558 ஏப்ரலில் ஹுர்ரம் மறைந்தார். சுலைமானியா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கினார். மறு ஆண்டிலேயே அவர்தம் மக்கள் சலீமும் பாயஸீதும் போர்க்களத்தில் மோதினர். தோற்ற பாயஸீத் பாரசீகத்துக்கு ஓடி, 1561இல் தம் புதல்வர்களோடு அங்கே கொல்லப்பட்டார். முஸ்தபாவின் தாய் மாஹிதெவ்ரான் புர்சா நகரில் வறுமையில் உழன்றார். அவருக்கு வீடு வாங்கிக் கொடுத்து உதவித்தொகையும் அளித்தவர், ஹுர்ரமின் மகனான இரண்டாம் சலீம். முஸ்தபாவுக்குப் பின்னர் ஒரு கல்லறை மண்டபமும் எழுப்பப்பட்டது. 1581இல் அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.