குடிவழிக் குறிப்புகளும் கணிப்பொறியும்

ஆந்திரப் பிரதேசத்தில், தமிழக எல்லையை அடுத்துள்ள தடாவில் தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. அவ்வூர்க் குடும்பம் ஒன்று தன் வரலாற்றைக் கணிப்பொறியில் எழுதி வைப்பதாகக் கொள்வோம். தமிழர் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும். தெலுங்கர்க்கு வீட்டுப் பெயர். இத்தகைய விளக்கங்களெல்லாம் 'குறிப்பு' என்னும் பகுதியிலேயே அடங்கும். அதில் பத்திரம் கூறுவதைத் தடித்த எழுத்திலும், பாட்டி சொல்லக் கேட்டதைச் சாய்ந்த எழுத்திலும் இட்டால் சான்றும் செவிவழிச் செய்தியும் பிரிந்து நிற்கும்.

இக்குறிப்பை வேறொரு மென்பொருளுக்கு மாற்றும்போதுதான் இடர் தோன்றுகிறது. இதற்கென அமெரிக்காவில் 1984இல் தோன்றிய பொதுமுறை ஜெட்காம் எனப்படும். அதன் பழைய பதிப்புகளில் எழுத்தின் தோற்றத்திற்கு விதி இல்லை. ஒரு மென்பொருள் இட்ட அடையாளங்களை மற்றொன்று வெறும் எழுத்துகளாகக் காட்டக்கூடும். அன்றி அடியோடு விட்டுவிடவும் கூடும். பத்திரமும் பாட்டியும் ஒன்றாகிவிடுவர்! நீண்ட வரியை இடையில் வெட்டும் வழக்கமும் அதில் உண்டு. 'கு' என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டாகச் சேமிக்கப்படுவதால், வெட்டு அவற்றின் நடுவே விழக்கூடும்.

2021இல் வெளியான 7.0 பதிப்பு இவ்வெட்டை நீக்கியது. குறிப்பு வெற்றுரையா, எச்.டி.எம்.எல். வடிவினதா என அறிவிக்கவும் வழி செய்தது. ஆயினும் பழைய பதிப்பையே கையாளும் மென்பொருள்கள் இன்னும் உள. ஆதலின் மாற்றுமுன், "பத்திரப்படி", "பாட்டி கூற்று" எனச் சொற்களாலேயே குறித்துவிடுவது நலம்.